பெருவிழாக் கதையும் மறுநாள் காலையும்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவை ஒட்டி வெளிவரும் கதைகளில் ஒரு வகை உண்டு. அன்பு கொண்ட இருவரை ஒரு தவறான எண்ணமோ ஒரு செருக்கான சொல்லோ பிரித்துவைத்திருக்கும். விழா நெருங்கும். ஒருவர் பயணம் புறப்படுவார்; மற்றவர் சாளரத்தருகே காத்திருப்பார். வெளியே பனி, உள்ளே மெழுகுதிரி, தொலைவில் ஆலயமணி. நள்ளிரவுக்குள் உண்மை வெளிப்படும், கைகள் இணையும், கதை முடியும். படித்து முடிக்கும்போது நம் கண்ணோரத்திலும் சிறிது ஈரம் இருக்கும்.

இங்கிலாந்தில் உருப்பெற்று அமெரிக்காவில் வளர்ந்து உலகெங்கும் பரவிய இக்கதை மரபுக்கு ஏறத்தாழ 180 ஆண்டு வரலாறு உண்டு. நம் தமிழிதழ்களின் தீபாவளி மலர்களில் வந்த தலைத்தீபாவளிக் கதைகளும் இதன் ஒன்றுவிட்ட உறவினரே. மாமனார் வீட்டில் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை எண்ணெய்க் குளியலுக்குள் முகம் மலர்ந்துவிடுவார் என்பதை முதல் பக்கத்திலேயே அறிந்தும் நாம் அக்கதைகளைப் படித்தோம்.

இத்தகைய கதைகளை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குகிற பெரியோர் உண்டு. மனத்துக்கு இதமானவை, அதற்குமேல் என்ன வேண்டும் என்று கேட்கிற இளையோரும் உண்டு. இரு கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆகவே இக்கதைகள் தரும் இன்பம் எங்கிருந்து வருகிறது, அது எந்த எல்லையில் நின்றுவிடுகிறது என்பதை அவற்றின் வரலாற்றோடு சேர்த்துச் சிந்திப்பது நன்று. இது இலக்கியச் சுவை பற்றிய வினா மட்டும் அன்று. கதைகளில் கண்ட அன்பைத்தான் நம் பிள்ளைகள் மணவாழ்வில் தேடுகிறார்கள்.

அச்சகம் அமைத்த அடுப்பங்கரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பல மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1840-இல் ஒரு பென்னிக் கட்டணத்தில் நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை வந்தது. இருப்புப்பாதைகள் விரைந்து பரவின. 1843-இல் ஹென்றி கோல் என்பவர் முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை அச்சிட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1848-இல் அரச குடும்பத்தினர் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் சித்திர வார இதழ் ஒன்றில் வெளிவர, அம்மரம் நடுத்தர வீடுகளுக்குள்ளும் புகுந்தது. செய்தித்தாள் முத்திரை வரி 1855-இலும் தாள்மீதான தீர்வை 1861-இலும் நீங்கியபின் இதழ்கள் மலிந்தன.

இவை யாவும் சேர்ந்து புதியதொரு வழக்கத்தைத் தோற்றுவித்தன. ஆலைகளுக்கும் நகரங்களுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஆண்டுக்கொருமுறை வீடு திரும்பலாயினர். திரும்பியவர்கள் ஒரே கூரையின்கீழ்க் கூடி அமர்ந்தபோது உரக்கப் படிக்க ஏதேனும் தேவைப்பட்டது. அத்தேவையை அச்சகம் நிறைவு செய்தது. பெருவிழாக் கதை அந்த அடுப்பங்கரை வெளிச்சத்தில் பிறந்த பிள்ளை.

அதன் இன்பமும் அங்கிருந்தே வருகிறது. காதல் கதைக்குத் தேவையான மூன்றைப் பெருவிழா இயல்பாகவே தந்துவிடுகிறது. முதலாவது, ஒரு கெடு. மற்ற நாள்களில் நாளை பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் மனம் டிசம்பர் 24 மாலையில் அப்படித் தள்ள முடியாது. இரண்டாவது, ஒரு கூரை. பேச விரும்பாதவர்களும் ஒரே பந்தியில் அமர்ந்தாக வேண்டும். மூன்றாவது, ஓர் அனுமதி. பெருவிழா நாளில் முதலில் பேசுபவர் தோற்றவர் ஆகமாட்டார். ஆண்டு முழுவதும் யார் முதலில் இறங்கிவருவது என்று காத்திருந்தவர்களுக்கு அந்த ஒருநாள் மானம் போகாமல் மன்னிக்க வழிசெய்கிறது. நம் ஊர்களிலும் பல ஆண்டுப் பகை திருவிழாச் சாப்பாட்டில் கரைந்ததுண்டு. ஆகவே இக்கதைகள் பொய்யை விற்கின்றன என்று சொல்லிவிட முடியாது. மனித வாழ்வில் மெய்யாகவே நிகழும் ஒன்றை அவை பிடித்துக்கொண்டிருக்கின்றன.

திரும்பி வராத பெல்

இம்மரபின் மூலநூலாகக் கருதப்படுவது சார்லஸ் டிக்கன்சின் 'கிறிஸ்துமஸ் கீதம்'. 1843 டிசம்பர் 19-ஆம் நாள் வெளிவந்தது. ஐந்து ஷில்லிங் விலையுள்ள 6,000 படிகளும் பெருவிழாவுக்கு முந்தைய நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன. கஞ்சனான ஸ்குரூஜ் ஒரே இரவில் மனந்திரும்பும் கதை அது என்பதை யாவரும் அறிவர். அதற்குள் ஒரு காதல் கதையும் புதைந்திருப்பதைப் பலர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

இளமையில் ஸ்குரூஜுக்கு மண ஒப்பந்தம் ஆகியிருந்தது. பெண்ணின் பெயர் பெல். ஏழையாக இருந்தபோது தன்னை விரும்பியவன் பணம் சேரச் சேர வேறொருவனாக மாறிவிட்டதைக் கண்டு அவளே அவனை அவன் வாக்கிலிருந்து விடுவித்துப் பிரிந்துபோகிறாள். பின்னர் ஆவி காட்டும் இன்னொரு காட்சியில் பெல் கணவனோடும் பிள்ளைகளோடும் நிறைவாக வாழ்கிறாள். அந்த இல்லத்தின் ஆரவாரத்தை ஸ்குரூஜ் வெளியாளாக நின்று பார்க்கிறான்.

விடிந்தபின் மனந்திரும்பிய ஸ்குரூஜ் பலவற்றைச் சரிசெய்கிறான். எழுத்தரின் ஊதியத்தை உயர்த்துகிறான். நலிந்த சிறுவனுக்கு இரண்டாம் தந்தையாகிறான். உறவை முறித்திருந்த மருமகன் வீட்டு விருந்துக்குப் போகிறான். ஆனால் பெல் திரும்பி வருவதில்லை. டிக்கன்ஸ் அவளைத் திரும்பக் கொண்டுவர முயலவும் இல்லை. மனந்திரும்புதல் மெய்யானது, மன்னிப்பும் மெய்யானது. ஆயினும் சில இழப்புகள் இழப்புகளாகவே நிற்கும் என்ற கண்டிப்பு அந்த இனிய கதைக்குள் இருக்கிறது. ஒப்புரவு அருள்சாதனம் குறித்து நம் மறைக்கல்வி கற்பிப்பதும் இதற்கு ஒத்ததே: பாவம் மன்னிக்கப்படுகிறது, அதன் விளைவுகளைச் சுமக்கும் கடமை தொடர்கிறது.

பின்னர் டிக்கன்சே இக்கண்டிப்பைத் தளர்த்தினார். தாம் நடத்திய வார இதழுக்கு 1850 முதல் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் வெளியிட்டார். 1855-ஆம் ஆண்டு இதழில் வந்த 'ஹாலி மர விடுதி'யில், தன் காதலி தன் நண்பனையே விரும்புகிறாள் என்று நம்பிய ஒருவன் அமெரிக்காவுக்குப் போய்விடப் புறப்படுகிறான். வழியில் பனிப்பொழிவில் சிக்கி ஒரு விடுதியில் அடைபடுகிறான். இறுதியில் அந்த நண்பன் அதே விடுதிக்கு வந்துசேர்கிறான். அவன் மணக்க விரைவது காதலியின் உறவுப்பெண்ணை என்று தெரிகிறது. எல்லாம் வீண் ஐயம்! கதாநாயகன் திரும்பிப் போய்த் தன் காதலியை மணக்கிறான். சுவையான கதை. ஆனால் முந்தைய நூலில் மனித மனம் செய்த வேலையை இங்கே பனி செய்துவிடுகிறது. யாரும் மாறவேண்டியதில்லை, செய்தி தெரிந்தால் போதும்.

அந்த எழுத்தாளரின் சொந்த இல்லத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குடும்ப அடுப்பங்கரையின் புகழை அவரளவு பாடியவர் ஆங்கிலத்தில் எவருமில்லை. 1836-இல் கேத்தரினை மணந்து பத்துக் குழந்தைகளுக்குத் தந்தையான அவர் 1858-இல் மனைவியைப் பிரிந்தார். அதுபற்றிய தம் விளக்கத்தைத் தம் இதழிலேயே வெளியிடவும் செய்தார். அவரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஒரு மாலைப் பொழுதின் ஒப்புரவை அழகாக எழுதுவது ஓர் ஆற்றல், இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வைக் காப்பது வேறோர் ஆற்றல் என்பது மட்டும் இங்கே விளங்குகிறது.

ஆணைக்கு எழுதிய கதைகள்

டிக்கன்சின் வெற்றியைக் கண்ட இதழாசிரியர்கள் சும்மா இருப்பார்களா? ஆண்டுதோறும் எல்லா இதழ்களுக்கும் பனியும் மெழுகுதிரியும் காதலும் தேவைப்பட்டன. அவ்வாறு கேட்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தோணி டிரொலோப். அஞ்சல் துறையில் நெடுங்காலம் பணியாற்றியவர். தெருவோரத் தபால்பெட்டிகளை 1852-இல் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளில் நிறுவக் காரணமானவரும் அவரே. விழாக்கால அஞ்சலையும் விழாக்காலக் கதையையும் ஒருங்கே அறிந்தவர் என்று சொல்லலாம்.

1870-இல் அவர் எழுதிய 'கர்க்பி இல்லத்தில் கிறிஸ்துமஸ்' ஒரு சிறு சொல்லைச் சுற்றிப் பின்னப்பட்டது. யார்க்ஷயர்ச் சிற்றூர் ஒன்றில் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகள் இசபெல். அவ்வீட்டில் விருந்தினனாகத் தங்கியிருக்கும் மாரிஸ் என்னும் இளைஞன், ஆலயத்தைப் பச்சைத் தழைகளால் அலங்கரிக்கும் வேளையில், கிறிஸ்துமஸ் ஒரு சலிப்பான வேலைதான் என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறான். இசபெல் புண்படுகிறாள். தான் புனிதமாகக் கருதுவதை இகழும் ஒருவனோடு வாழ முடியுமா என்னும் ஐயம் அவளுக்கு. அவன் சொன்னது விழாவின் வெளிக்கூச்சலைப் பற்றியா, விழாவையே பற்றியா? இருவரும் தத்தம் தன்மானத்தோடு சற்றே போராடுகிறார்கள். இறுதியில் மணம் உறுதியாகிறது.

இக்கதையில் கொலையில்லை, மறைந்த உயில் இல்லை, பனியில் சிக்கிய வண்டியும் இல்லை. பக்தியுள்ள பெண்ணும் பக்தியில் கூச்சமுள்ள ஆணும் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்வது என்னும் கேள்விதான் இருக்கிறது. நம் பங்குகளிலும் இக்கேள்வி உண்டு. மனைவி பாடற்குழுவில், கணவர் ஆலயத்தின் வெளிவாசலில். அதை இவ்வளவு மென்மையாகத் தொட்டதற்காக அக்கதைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அக்கேள்விக்கு விடை காணப் பல ஆண்டுகள் ஆகும். கதைக்கோ சில நாள்களே அவகாசம். எனவே டிரொலோப் கேள்வியை எழுப்பிவிட்டு, முத்தாய்ப்பாக மண ஒப்பந்தத்தை வைத்துவிட்டு விலகிப்போகிறார்.

இக்குறையை அவரே உணர்ந்திருந்தார். 1882-இல் அவர் மறைந்தபின் அடுத்த ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில், இவ்வாறு ஆணைக்குக் கதை எழுதுவதைப் பற்றி மனம் திறந்து கசந்துகொள்கிறார். மெய்யான கிறிஸ்துமஸ் கதை என்பது சமயச் சிந்தனையையோ, விழா மகிழ்வையோ, அவற்றினும் மேலாகப் பிறரன்பையோ மற்றவர் நெஞ்சில் ஊட்டவேண்டும் என்ற வேட்கையிலிருந்து பிறக்கவேண்டும் என்கிறார். டிக்கன்சின் தொடக்கக் கதைகள் அப்படிப் பிறந்தவை. பின்வந்தவற்றில் அந்த மணமே இல்லை என்பது அவர் தீர்ப்பு. கேட்டவர்க்கெல்லாம் கதை தரவேண்டிய தம் நிலையை, விருப்பமில்லாவிடினும் சவ அடக்கத்துக்கு வேண்டியவற்றைத் தந்தாகவேண்டிய கடைக்காரரின் நிலையோடு ஒப்பிடுகிறார். பிறப்பு விழாக் கதைக்கு அடக்கச் சடங்கை உவமையாக்கிய அந்த நகைச்சுவையில் ஓர் உழைப்பாளியின் வருத்தம் ஒலிக்கிறது.

ஒரு டாலர் 87 சென்ட்

இம்மரபு அட்லாண்டிக் கடலைத் தாண்டியபோது அதன் சிறந்த கதை ஒரு நியூயார்க் ஞாயிறு நாளிதழில் 1905 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. ஓ. ஹென்றியின் 'ஞானிகளின் பரிசு'. பாடநூல்கள் வழியாக நம்மவர் பலரும் அறிந்த கதை.

வாரம் எட்டு டாலர் வாடகையில் ஓர் இல்லம். வார வருமானம் முப்பதிலிருந்து இருபது டாலராகச் சுருங்கிவிட்டது. கணவனுக்குப் பரிசு வாங்க டெல்லா கையில் இருப்பது 1 டாலர் 87 சென்ட். அவள் தன் நீண்ட கூந்தலை இருபது டாலருக்கு விற்று, ஜிம்மின் பரம்பரைக் கைக்கடிகாரத்துக்கு—அந்நாளில் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கடிகாரத்துக்கு—ஒரு பிளாட்டினச் சங்கிலி வாங்குகிறாள். அவனோ அக்கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்கு ஆமையோட்டுச் சீப்புகள் வாங்கிவருகிறான்.

இக்கதையின் பின்னணியில் ஒரு மெய்யான பரிசு இருந்திருக்கக் கூடும் என்று எண்ண இடமுண்டு. ஓ. ஹென்றி எனப்பட்ட வில்லியம் சிட்னி போர்ட்டர் ஆஸ்டின் நகர வங்கி ஒன்றில் பணியாற்றியபோது கையாடல் குற்றம் சாட்டப்பட்டு, 1896-இல் ஹோண்டுராஸ் நாட்டுக்குத் தப்பியோடினார். அவர் மனைவி ஆத்தல் காசநோயால் நலிந்துகொண்டிருந்தார். அந்நிலையிலும் தம் கைப்பின்னல் வேலையை 25 டாலருக்கு விற்று, கடும் காய்ச்சலோடு ஒரு கிறிஸ்துமஸ் பெட்டி கட்டிக் கணவருக்கு அனுப்பினார் என்று போர்ட்டரின் வரலாற்றை 1916-இல் எழுதிய அல்போன்சோ சுமித் குறிப்பிடுகிறார். மனைவியின் நிலை அறிந்து, கைதுக்கு அஞ்சாமல் போர்ட்டர் நாடு திரும்பினார். 1897 சூலையில் ஆத்தல் இறந்தார். அடுத்த ஆண்டு போர்ட்டர் ஒகையோ மாநிலச் சிறைக்குச் சென்றார்; 1901-இல் வெளிவந்தார். ஓ. ஹென்றி என்னும் புனைபெயரோடு அவர் பெயர் பரவத் தொடங்கியதும், சிறையிலிருந்தபடி 1899 டிசம்பரில் வெளியிட்ட ஒரு கிறிஸ்துமஸ் கதையால்தான்.

எனவே 'ஞானிகளின் பரிசு' இனிப்பான கற்பனை மட்டும் அன்று. அதன் வலிமை எதில் உள்ளது? பரிசுகள் பயனற்றுப் போனபின் கதாசிரியர் எந்த வள்ளலையும் வரவழைப்பதில்லை. கடிகாரம் திரும்பி வருவதில்லை. கூந்தல் வளரும், ஆனால் மெல்ல வளரும். வருமானம் இருபது டாலரே. ஜிம் சிரித்துக்கொண்டு பரிசுகளை எடுத்துவைத்துவிட்டு, இரவு உணவுக்கு இறைச்சியை அடுப்பில் ஏற்றச் சொல்கிறான். இக்கதை வகை முழுவதிலும் நான் மிக மதிக்கும் இடம் அதுவே. காதல் தன் உச்சத்தைத் தொட்ட அந்த நொடியில் உலை வைக்கவேண்டும் என்ற நினைவு வருகிறதே, அதுவல்லவா இல்லறம்! திருமண வாக்குறுதியில் இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று நாம் சொல்வதன் சமையலறை வடிவம் அது.

ஆயினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. ஓ. ஹென்றி தலைப்பை மத்தேயு நற்செய்தியிலிருந்து எடுத்தார்; பரிசளித்த ஞானிகளைக் கதையின் முடிவில் போற்றினார். ஆனால் நற்செய்தியில் பரிசளிப்பு முடிவன்று. ஞானிகள் வேறு வழியாகத் திரும்புகிறார்கள் (மத் 2:12). அன்றிரவே யோசேப்பு குழந்தையையும் தாயையும் எழுப்பிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார். பெத்லகேமில் தாய்மார் அலறுகிறார்கள். நம் திருவழிபாடும் இதை மறைப்பதில்லை. டிசம்பர் 26-இல் கல்லெறியுண்ட ஸ்தேவான், 28-இல் மாசில்லாக் குழந்தைகள். குடிலின் வைக்கோல் கலையுமுன்னே பலிபீடத்தில் செந்நிறத் திருவுடை வந்துவிடுகிறது. கதாசிரியர்கள் 24-ஆம் நாளோடு நிறுத்துகிறார்கள். திரு அவை 25-ஆம் நாளிலிருந்துதான் தொடங்குகிறது.

டப்ளின் விடுதியறை

அவ்வெல்லையைத் தாண்டிய ஒரு கதை கத்தோலிக்க அயர்லாந்திலிருந்து வந்தது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1907-இல் தம் இருபத்தைந்தாம் வயதில் எழுதி, 1914-இல் 'டப்ளின் மாந்தர்' தொகுப்பின் இறுதிக் கதையாக வெளிவந்த 'இறந்தோர்'.

பெருவிழாக் கதைக்குரிய பொருள்கள் யாவும் இதில் இருக்கின்றன. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் முதிய சகோதரியர் இருவர் ஆண்டுதோறும் நடத்தும் விருந்து, நடனம், பாட்டு, வறுத்த வாத்து, வெளியே பனி. ஆலயப் பாடற்குழுக்களிலிருந்து பெண்களை நீக்கிய திருத்தந்தையின் ஆணையை எண்ணி ஒரு சகோதரி பொருமுவதுகூட உண்டு. விருந்தின் முடிவில் கேப்ரியல் என்பவர் தம் மனைவி கிரெட்டா மாடிப்படியில் நின்று யாரோ பாடும் பழைய பாடலைக் கேட்டுக்கொண்டிருப்பதைக் காண்கிறார். அவர் நெஞ்சில் பழைய காதல் புதிதாக எழுகிறது. அன்றிரவு தங்கவிருக்கும் விடுதிக்கு ஆவலோடு அவளை அழைத்துச் செல்கிறார்.

வழக்கமான கதை இங்கே இனிதே முடிந்திருக்கும். ஆனால் அறைக்குள் நுழைந்ததும் கிரெட்டா அழுகிறாள். அப்பாடலை இளமையில் தனக்குப் பாடிய மைக்கேல் என்னும் நோயுற்ற பையனைப் பற்றிச் சொல்கிறாள். அவள் ஊரைவிட்டுப் போகுமுன் மழையில் வந்து நின்றவன்; பதினேழு வயதில் இறந்துபோனவன். தன்பொருட்டே இறந்தான் என்று அவள் எண்ணுகிறாள். இத்தனை ஆண்டு உடன் வாழ்ந்தும் மனைவியின் நெஞ்சில் இப்படி ஒரு கல்லறை இருந்ததைக் கணவர் அறியவில்லை.

முதலில் சினம், பின் நாணம், அதன்பின் ஒரு புதுக் கனிவு. அழுது களைத்துத் தூங்கும் மனைவியைப் பார்த்தபடி கேப்ரியல் விழித்திருக்கிறார். அவளை உடைமையாக அடைய விரும்பிய ஆவல் அடங்கி, அவளையும் தம்மையும் இறந்தோர் யாவரையும் ஒருங்கே எண்ணும் இரக்கம் அவருள் பெருகுகிறது. வாழ்வோர்மீதும் இறந்தோர்மீதும் பனி பெய்கிறது. முதற்கதைகளில் காதலரைச் சேர்த்துவைத்த அதே பனி இங்கே யாரையும் சேர்த்துவைக்கவில்லை. மனைவி தனக்கு அப்பாலும் ஓர் ஆள் என்பதைக் கணவருக்குக் காட்டிவிட்டுப் போகிறது.

இக்கதையின் நிகழ்வு திருக்காட்சிப் பெருவிழாவை ஒட்டியது எனக் கருதுவோர் பலர். அவர்கள் கணிப்பு சரியாயின், பொருத்தம் வியப்புக்குரியது. வெளிப்படுத்தப்படுதலின் நாளில் ஒரு மனைவி தன் கணவனுக்கு வெளிப்படுகிறாள். ஜாய்ஸ் திரு அவையைவிட்டு விலகியவர். ஆனால் இக்கதையில் மணவாழ்வைப் பற்றி அவர் சொல்வதை மறையுரை மேடையிலிருந்தும் சொல்லலாம். நம் துணைவர் நமக்கு ஒருபோதும் முழுதும் தெரிந்தவர் அல்லர். தெரியாத பகுதிக்கும் சேர்த்தே நாம் வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

பெத்லகேமின் அறுவடைக் கதை

விழாக்காலக் காதல் கதை விக்டோரியா அரசி காலத்துக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். திருவிவிலியத்தில் அதற்கொரு மூத்த உறவு இருக்கிறது. நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்து நூல். நடக்கும் இடம் பெத்லகேம். காலம் வாற்கோதுமை அறுவடை. யூத மக்கள் தங்கள் வாரங்களின் திருவிழாவில் இந்நூலை வாசிக்கிறார்கள். இனிமைமிகு பாடலைப் பாஸ்காவின்போது வாசிக்கிறார்கள். காதலையும் திருவிழாவையும் சேர்த்துப் பார்ப்பது சமயத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்நூல் மூன்று சாவுகளோடு தொடங்குகிறது. கணவனை இழந்த நகோமி. கணவனை இழந்தும் மாமியாரைவிட்டுப் பிரியாத அயல்நாட்டு மருமகள் ரூத்து. வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்கப் போனவள்மீது போவாசின் பார்வை படுகிறது. களத்துமேட்டில் ஓர் இரவு வருகிறது, வாக்குறுதி பிறக்கிறது. நாம் இதுவரை கண்ட கதைகளாயின் அங்கேயே திரை விழுந்திருக்கும்.

ஆனால் விவிலிய ஆசிரியருக்கு விடியலும் முக்கியம். விடிந்ததும் போவாசு ஊர்வாயிலில் பெரியோரைக் கூட்டி, தம்மைவிட நெருங்கிய உரிமையுடைய உறவினரின் சம்மதத்தை முறைப்படி பெறுகிறார். நிலம், உரிமை, சாட்சிகள் என்று பேச்சு நீளுகிறது. பிறகு திருமணம்; பிறகு குழந்தை. அந்தக் குழந்தை ஓபேது இறுதியில் கிடப்பது காதலர் கையில் அன்று, நகோமியின் மடியில். ஏழு புதல்வரினும் மேலானவள் உன் மருமகள் என்று ஊர்ப்பெண்கள் வாழ்த்துவது, எல்லாம் இழந்து திரும்பிய அந்த முதியவளைத்தான். இருவரின் அன்பு மூன்றாமவருக்கு வாழ்வு தருகிறது. வாசலில் நிற்கும் கைம்பெண் வெளியே விடப்படவில்லை.

பெருவிழாக் காதல் கதையின் எல்லையை இந்த ஒப்பீடு தெளிவாகக் காட்டுகிறது. அது இருவரைச் சேர்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறது. அந்த இரவில் தனியாகச் சாப்பிடும் கைம்பெண்ணும், அயல்நாட்டில் உழைக்கும் கணவனின் தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் மனைவியும், ஒப்புரவு கேட்டும் பெறாதவரும் அக்கதைக்குள் வருவதில்லை. ஏழ்மை வந்தாலும் பெரும்பாலும் அலங்காரமாகவே வருகிறது. விழாவுக்குரிய குழந்தையோ பல கதைகளில் வருவதே இல்லை.

இதன் விளைவு கதையோடு நின்றுவிட்டால் கவலை இல்லை. பங்குப் பணியில் மணமுறிவின் விளிம்பில் நிற்கும் இளம் தம்பதியரோடு பேச நேர்ந்தபோதெல்லாம் நான் கண்டது ஒன்று. அவர்களுள் பலர் அன்பில் குறைந்தவர்கள் அல்லர். அன்பு ஒரு மாலைப் பொழுதில் தன்னை முழுமையாகக் காட்டிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள். முதல் பெருவிழாவின் பரிசு நினைவிருக்கிறது; மூன்றாம் ஆண்டின் மருத்துவச் செலவுக்கு எந்தக் கதையும் அவர்களை ஆயத்தப்படுத்தவில்லை. திருமண ஆயத்த வகுப்புகளில் நாம் சட்டங்களைச் சொல்லித் தருகிறோம். கதை சொல்லித் தருவதில்லை. அந்த வெற்றிடத்தைத் திரைப்படமும் சிறப்பிதழும் நிரப்பிவிடுகின்றன.

அதற்காகக் கதைகளைத் தடைசெய்ய வேண்டியதில்லை. பகைத்தவர்கள் பேசிக்கொள்ள முடியும், செருக்கு உடைய முடியும், கொடுப்பதில் இன்பமுண்டு என்பவற்றை ஆண்டுக்கொருமுறையேனும் நமக்கு நினைவூட்டுகிறவை அவை. இளையோர் அவற்றைப் படிக்கட்டும், நாமும் படிப்போம். படித்து முடித்ததும் வீட்டிலுள்ள மூத்தவர்கள் ஒரு வேலை செய்யலாம். மறுநாள் காலையில் அக்காதலர் என்ன செய்திருப்பார்கள் என்று பிள்ளைகளோடு பேசலாம். வாடகையை யார் கட்டியிருப்பார், கூந்தல் வளரும்வரை டெல்லா எப்படி வெளியே போயிருப்பாள், ஜிம்முக்கு வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. தங்கள் திருமணத்தின் மூன்றாம் ஆண்டையும் பத்தாம் ஆண்டையும் பற்றி அவர்கள் தாமே சொல்லத் தொடங்கினால் இன்னும் நன்று.

கிறிஸ்து பிறப்பு முன்மாலைத் திருப்பலியில் மத்தேயு தரும் தலைமுறை அட்டவணை வாசிக்கப்படுகிறது. பெயர்கள் நீண்டுபோவதால் பலர் கவனம் சிதறும் பகுதி அது. அப்பட்டியலின் நடுவில் போவாசுக்கும் ரூத்துக்கும் பிறந்த மகன் ஓபேது என்று ஒரு வரி வருகிறது (மத் 1:5). வயலில் தொடங்கிய அந்தக் காதல் பிள்ளையாகி, பேரனாகி, தாவீதாகி, பல தலைமுறை கடந்து மாட்டுத்தொழுவம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வாண்டு அவ்வாசகம் வரும்போது சற்றுச் செவிசாய்ப்போம்.